புள்ளலூர் போகும் வழி

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்கள் மணிமங்கலத்தில் பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரைக் கடக்கின்றன. ஏரியும் பழைய கோயில்களும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கின்றன. ஆனால் இந்தப் பக்கத்துப் போர்க்களங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர் மணிமங்கலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது.

அதற்கும் முன்னால் நரசிம்மனின் தந்தை மகேந்திரவர்மன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவர் சாளுக்கியரே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் சிற்றூர். நான் தேடிப் போனதும் அந்த ஊரைத்தான். ஆனால் பல்லவருக்காக அல்ல, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்திய இன்னொரு போருக்காக.

1780 செப்டம்பர் 10 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லி புள்ளலூரில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடமும் அவர் மகன் திப்புவிடமும் தன் படை முழுவதையும் இழந்தார். இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயர் வாங்கிய அடிகளில் இதுவே பெரிது என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே எழுதினார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது ‘இரண்டாம் மைசூர்ப் போர்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியில் முடிந்துவிடும். அதே போருக்கு உலக வரலாற்றில் வேறொரு முகவரியும் உண்டு. அது அமெரிக்கப் புரட்சிப் போரின் கிழக்குக் களம்.

1775இல் பாஸ்டனுக்கு அருகே லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் உழவர்களும் கடைக்காரர்களும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களை வழிமறித்தார்கள். அங்கே தொடங்கிய போரில் 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. அந்தச் செய்தி கப்பலேறி வந்ததும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் பிரெஞ்சுக்காரரின் பாண்டிச்சேரியை அந்த ஆண்டு அக்டோபரிலேயே பிடித்தார்கள். 1779 மார்ச்சில் மலபார்க் கரையில் மாஹேயையும் பிடித்தார்கள். ஹைதருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்துகொண்டிருந்தது மாஹே வழியாகத்தான். அதில் கை வைக்காதே என்று அவர் எச்சரித்தும் கேட்கவில்லை. மராட்டியர் தாக்கினால் உதவிக்கு வருவோம் என்று 1769இல் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாக்கியபோது கம்பெனி வராமல் போன பழைய கணக்கும் அவரிடம் இருந்தது. 1780 ஜூலையில் எண்பதாயிரத்தைத் தாண்டிய படையோடு அவர் செங்கம் கணவாய் வழியாகக் கீழிறங்கினார்.

இந்தப் பக்கத்துச் செய்தி அந்தப் பக்கமும் போனது. 1782இல் பிலடெல்பியாவின் வணிகக் கப்பல்களைக் காக்க பென்சில்வேனியா மாகாணம் ஒரு போர்க்கப்பலைத் தயார் செய்தது. அதன் பெயர் ‘ஹைதர் அலி’. அந்த ஏப்ரலில் டெலாவேர் விரிகுடாவில் ஜோஷுவா பார்னி என்ற இளம் தளபதி, அந்தக் கப்பலைக் கொண்டு தன்னைவிட வலிமையான ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைச் சிறைபிடித்தார். காஞ்சிபுரத்துப் பக்கம் போரிட்ட ஒருவரின் பெயர் அமெரிக்கக் கப்பலின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருந்தது என்று சொன்னபோது, என்னோடு வண்டியில் வந்த இளம் நண்பர் நம்பவில்லை. “சும்மா சொல்லாதீங்கண்ணா” என்றார். அவர் ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்; வார விடுமுறையில் எனக்காக வண்டி ஓட்ட வந்தவர்.

படப்பை வழியாக ஒரகடம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. டெய்ம்லர் லாரிகள், ராயல் என்பீல்டு, அப்பல்லோ டயர் என்று மற்றவையும் வந்தன. சிப்காட் தொழிற்பேட்டை எல்லைக்குள் சாலைகள் அகலம், மரங்கள் இளசு, சுற்றுச்சுவர்கள் நீளம். கார் ஏற்றும் நெடிய டிரெய்லர்கள் துறைமுகம் நோக்கிப் போகின்றன. வேலிகளுக்கு இடையே இன்னும் ஏரிகள் தெரிகின்றன.

இந்த நிலத்தை ஒரு படைத்தலைவனின் கண்ணால் பார்த்தால் அதன் வரலாறு விளங்கும். மேற்கே செங்கம் முதலிய கணவாய்கள், கிழக்கே கடற்கரை, நடுவில் காஞ்சிபுரம். குன்றும் காடும் மறிக்காத சமவெளி. சில கல் தொலைவுக்கு ஒரு ஏரி இருப்பதால் குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் உண்டு. மேற்கிலிருந்து கடலுக்குப் போகும் எந்தப் படையும் இந்த வழியாகத்தான் வரும். கடலிலிருந்து மேற்கே போகிற படையும் அப்படியே. தொழிற்சாலைகள் இங்கே வந்ததற்கும் ஏறக்குறைய இதே காரணங்கள்தான்: சமதளம், நெடுஞ்சாலை, பக்கத்தில் துறைமுகம்.

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீர் என்று அதற்குப் பெயர். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதன் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்த விவரம் சுமார் 2,000 ஊர்களுக்கு. எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, விளைச்சலில் தச்சருக்கு எவ்வளவு, வண்ணாருக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. காந்தியரான தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஓலைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு நினைவு வந்து தைக்கும்: கணக்கு முடிந்த ஆறே ஆண்டில் அந்த ஊர்கள் எரிந்தன.

எரித்தது ஹைதரின் குதிரைப்படை. சென்னையைச் சுற்றிப் பழவேற்காடு தொடங்கிப் பாண்டிச்சேரி வரைக்கும் ஒரு வளையம் போட்டு, அதற்குள் கம்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல்லோ ஒரு மாடோ கிடைக்காதபடி அழிக்கச் சொன்னார் அவர். நெசவாளர் குடும்பங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டன. ஆகஸ்டு மாதத்தில் பரங்கிமலைப் பக்கமே மைசூர்க் குதிரைகள் வந்தன. ஜனங்கள் கோட்டைக்குள் அடைக்கலம் தேடி ஓடினார்கள். ஹைதரை அந்நியரை எதிர்த்த வீரர் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த ஊர்களில் நின்றுகொண்டு அப்படித் தாண்ட முடியாது.

ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் அவதரித்த தலத்தைக் கும்பிட்டுவிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தால் ராஜீவ் காந்தி நினைவகம். 1991 மே 21 இரவு அவர் கொல்லப்பட்ட இடத்தில் ஏழு கல்தூண்கள் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். போர் பார்க்கக் கிளம்பியவனுக்கு இந்த இடமும் வழியில்தான் இருக்கிறது. 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதி காக்க என்று ராஜீவ் இலங்கைக்கு அனுப்பிய இந்தியப் படையை யாழ்ப்பாணத்துச் சனங்கள் முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. அந்த மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுடப்பட்ட பிறகு, வந்தவர்கள் அந்நியப் படை ஆகிவிட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அதற்கெல்லாம் பழிதீர்ப்பதாக எண்ணிப் புலிகள் செய்த கொலை எந்தக் கணக்கையும் நேர் செய்யவில்லை. தேர்தல் கூட்டத்துக்கு வந்த அப்பாவிகளையும் கொன்றது, ஈழத்தமிழருக்கு இங்கிருந்த பரிவையும் கொன்றது. உதவிக்கு வந்த படை எந்த நாளில் அந்நியப் படை ஆகிறது என்பதை அந்தப் படை தீர்மானிப்பதில்லை. அங்கே குடியிருக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க நின்றோம். தொழிலாளர்கள் கூட்டம். ஒடியா, இந்தி, போஜ்புரி, தமிழ் எல்லாம் ஒரே பெஞ்சில். பக்கத்தில்தான் சாம்சங் ஆலை. 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள், சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவானது. “அப்போ கும்பினிக்காரன், இப்போ கொரியாக்காரன், அவ்வளவுதானே?” என்றார் நண்பர். கேட்க எடுப்பாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி சொந்தமாகப் படை வைத்திருந்தது, வரி வசூலித்தது, தூக்குத்தண்டனை கொடுத்தது. இன்றைக்கு இங்கே இருக்கும் கம்பெனிகளுக்கு நம் அரசாங்கம் நிலம் கொடுத்திருக்கிறது. நம் தொழிற்சங்கச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. கட்டுப்படுத்தாத இடத்தில் கேட்க வேண்டியது நம் அரசாங்கத்தைத்தான். இரண்டையும் ஒன்றாக்கினால் 1780இல் செத்தவனுக்கும் நியாயம் கிடைக்காது, 2024இல் பந்தலில் உட்கார்ந்தவனுக்கும் கிடைக்காது. நண்பர் ஒத்துக்கொண்டாரா தெரியவில்லை. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

அங்கிருந்து மப்பேடு வழியாகப் பேரம்பாக்கம். பதினைந்து நிமிடத்தில் தொழிற்சாலைகள் ஓய்ந்து நெல்வயல் வந்துவிடுகிறது. பக்கத்தில் நரசிங்கபுரம் லட்சுமி நரசிம்மர் கோயில், கூவம் ஊரின் சிவன் கோயில். சென்னையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கூவத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் இது. 1780 செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேரோடு வந்துகொண்டிருந்த பெய்லி, பரங்கிமலையிலிருந்து புறப்பட்டுக் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும். இரண்டு படைக்கும் இடையே ஒரு நாள் நடைதான். அன்றைய சண்டையில் பெய்லி தாக்குப்பிடித்தார். ஆனால் இனித் தன்னால் தனியாக நகர முடியாது, உதவி அனுப்புங்கள் என்று மன்றோவுக்கு எழுதினார்.

மன்றோ தானே போகாமல் கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் பேரை அனுப்பினார். வழிகாட்ட உள்ளூர் ஆட்கள். கொஞ்ச தூரம் போனதும் பிளெட்சருக்கு அவர்கள் மேல் சந்தேகம் வந்தது. அவர்கள் ஹைதரின் ஆட்கள். அவர் சட்டென்று வேறு பாதையில் திரும்பியதால் பிழைத்தார், 9ஆம் தேதி பெய்லியோடு சேர்ந்தார். இந்தப் போரைப் பற்றிய ஆங்கிலேயர் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் புலம்பல் ஒன்று உண்டு: நாங்கள் எங்கே படுத்தோம், எப்போது எழுந்தோம் என்பதெல்லாம் ஹைதருக்குத் தெரிந்தது, எங்களுக்குச் செய்தி சொல்ல ஆளே இல்லை. நவாப் தருவதாகச் சொன்ன அரிசியும் வரவில்லை. சந்தையில் வாங்கவும் ஒன்றும் இல்லை.

இதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம், எவ்வளவு கூலி என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆங்கிலேயருக்கு உதவினால் ஹைதரின் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். ஆனால் நவாபின் வரி வசூலும், அவருடைய கடனை வசூலிக்க வந்த கம்பெனி அதிகாரிகளின் நெருக்கடியும் ஊர்களைப் பல ஆண்டுகளாகப் பிழிந்துகொண்டிருந்தன என்பதும் உண்மை. அப்படிப்பட்ட எஜமானுக்காக எவன் இரவில் ஆற்றைக் கடந்து செய்தி கொண்டுபோவான்? கையில் ஆயுதம் இல்லாதவனுக்கு இருந்த வழி, தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் இருக்கிற நெல்லைக் காட்டாமல் இருப்பதும்தான்.

ஆயுதம் இருந்தவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ஹைதர் கீழிறங்கியதும் ஆர்க்காட்டுப் பகுதிப் பாளையக்காரர் பலர் நவாபுக்கு எதிராகத் திரும்பினார்கள். திண்டுக்கல் அருகே விருப்பாச்சியில் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த வேலு நாச்சியார் சிவகங்கையைத் திரும்ப மீட்டதும் அதே 1780இல்தான். கணவர் முத்துவடுகநாதரை 1772இல் காளையார்கோயிலில் இழந்தவர், எட்டு ஆண்டு காத்திருந்து வந்தார். லெக்சிங்டனுக்கும் சிவகங்கைக்கும் இடையே யாரும் தூது போகவில்லை. ஆனால் பிரிட்டனின் கை அட்லாண்டிக்கில் சிக்கியிருந்த நேரம் இங்கே இருந்தவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

பேரம்பாக்கத்துக்கு அப்பால் கேசாவரம் அணைக்கட்டில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொசஸ்தலை, இன்னொன்று கூவம். நாங்கள் போன நாளில் மணலும் நாணலும் கொஞ்சம் தேங்கிய நீரும். பெய்லியைக் கவிழ்த்ததில் கொசஸ்தலைக்கும் பங்கு உண்டு. ஆகஸ்டு 25ஆம் தேதி அவர் அதன் வடகரைக்கு வந்தபோது ஆற்றில் இறங்கி நடந்திருக்கலாம். இருட்டிவிட்டது, காலையில் கடக்கலாம் என்று முகாம் போட்டார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் முதல் வாரம் வரை அக்கரை போக முடியவில்லை. அந்த நாட்களில்தான் ஹைதர் ஆர்க்காட்டு முற்றுகையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார், திப்புவை முன்னால் அனுப்பினார்.

பக்கத்திலேயே தக்கோலம். 949இல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதிச் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்த ஊர். மணிமங்கலம், தக்கோலம், புள்ளலூர்: அரை நாள் வண்டியோட்டத்துக்குள் இத்தனை களங்கள். ஒவ்வொரு முறையும் மேற்கிலிருந்து வந்தவன் ‘அந்நியன்’. 1780இல் மட்டும் மேற்கிலிருந்து வந்தவர் அந்நியனை எதிர்க்க வந்தவர் என்று ஆனார்.

புள்ளலூருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் விசாரித்தோம். “அந்தப் போர் நடந்த இடமா? தெரியாதுங்களே” என்றவர், தூண் என்றதும் சிரித்தார். “வெள்ளைக்காரன் சமாதியா? நேரா போங்க சார்.” இரண்டு கூம்புத் தூண்கள். ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு, இன்னொன்று கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. இருவரும் 1780 போரில் இறந்தவர்கள் அல்ல. அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்டு 27இல், ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தலைமையில் இதே இடத்தில் நடந்த இரண்டாவது சண்டையில் விழுந்தவர்கள். அதில் ஆங்கிலேயருக்கு வெற்றி என்று சொல்லிக்கொண்டார்கள். ஹைதர் படையைக் குலையாமல் பின்வாங்கிக்கொண்டார்.

1780இன் சண்டை ஒரு இரவு நடையில் தொடங்கியது. 9ஆம் தேதி இரவு பெய்லியும் பிளெட்சருமாக 3,800 பேரை ஒட்டிய படை காஞ்சிபுரம் நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் பெய்லி ஏனோ நிறுத்திவிட்டார். விடிந்ததும் நகர்ந்தவர்களைத் திப்புவின் பீரங்கிகள் எதிர்கொண்டன. பிறகு ஹைதரின் முழுப்படையும் வந்து சூழ்ந்தது. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் கூட்டத்துக்குள் சீறி விழுந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குப் பிறகு பெய்லியிடம் சுட மருந்து இல்லை. சதுரம் கட்டி நின்று பல தாக்குதல்களைத் தடுத்துவிட்டு அவர் சரணடைந்தார். ஹைதரின் பக்கம் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டு வெட்டுவதை நிறுத்தியதால் சுமார் 200 ஐரோப்பியர் உயிரோடு கைதானார்கள். பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பேர்டு நாற்பது மாதங்களுக்கு மேல் சிறையில் கிடந்து, 1799இல் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டை மேல் ஏறும் படைக்குத் தலைமை தாங்கித் திரும்பி வந்தார்.

அந்த ராக்கெட்டுகளைத்தான் அப்துல் கலாம் தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நாசா ஏவுதளத்து வரவேற்பறையில் ஒரு ஓவியம். ராக்கெட் விடுகிறவர்கள் கருப்பு நிறத்தவராக இருக்கிறார்களே என்று கிட்டே போய்ப் பார்த்தால், திப்புவின் படை. புள்ளலூரின் நினைவு இப்படித் தூரமாகத்தான் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இந்தச் சண்டை ஓவியமாக இருக்கிறது: பல்லக்கில் காயத்தோடு பெய்லி, வெடிக்கும் வண்டி, யானை மேல் ஹைதர். அதே காட்சியைத் தாளில் தீட்டிய ஓவியம் ஒன்று 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. பெய்லிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் உறவினர் 1816இல் நினைவு மண்டபம் கட்டினார். சண்டை நடந்த ஊரில் இரண்டு தூண்கள், அவையும் வேறு ஆண்டுக்கு உரியவை.

வயலோரமாக நின்றபோது நண்பர் கேட்டார்: “அப்போ நம்மாளு எந்தப் பக்கம்ணா?” இரண்டு பக்கமும். பெய்லியின் 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள்: தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள். சம்பளத்துக்கு வந்து, சம்பளம் பாக்கி இருக்கும்போதே இறந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். எதிரே ஹைதரின் படையிலும் கன்னடர், தெலுங்கர், தமிழ்ப் பாளையங்களின் ஆட்கள், கூடவே பிரெஞ்சுக்காரர்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான். பிரிட்டனுக்காகச் சண்டை போட்ட அமெரிக்கர்கள் பல்லாயிரம்; அவர்களில் பலர் போர் முடிந்ததும் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்நியப் படை என்பது அந்நியர்களால் மட்டும் ஆனதாக எங்கேயும் இருந்ததில்லை.

பரந்தூர் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. 2022இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து ஏகனாபுரம் ஊரார் கிராமசபைத் தீர்மானங்களாலும் தொடர் போராட்டத்தாலும் எதிர்த்து வருகிறார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். அவர்கள் பேச்சில் முதலில் வருவது ஏரியும் கால்வாயும்தான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். பர்னார்டுக்கு எழுதிக் கொடுத்த ஓலைகளிலும் ஏரிகளின் கணக்கு உண்டு.

மாலையில் காஞ்சிபுரம். 10ஆம் தேதி காலை பீரங்கிச் சத்தம் கேட்டு மன்றோ இந்த ஊரிலிருந்து கிளம்பினார். கொஞ்ச தூரம் போவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. தப்பி வந்த காயம்பட்ட சிப்பாய் மூலம் செய்தி கிடைத்தது. பக்சார் போரை 1764இல் வென்ற தளபதி அவர். திரும்பி வந்து, இழுத்துக்கொண்டு போக முடியாத பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தப் படையில் இருபது வயதைக்கூடத் தொடாத இன்னொரு மன்றோவும் இருந்தான். பின்னாளில் ஆளுநராகி, இன்று தீவுத்திடல் அருகே குதிரை மேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்த அந்த மனிதர் தமிழ்நாட்டில் இளவயதில் பார்த்தது எரிந்த ஊர்களைத்தான்.

போர் மேலும் மூன்றரை ஆண்டு நீண்டது. 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூர்ப் பக்கம் நோயில் இறந்தார். 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் மோதினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் பேசி முடித்திருந்தார்கள், செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்கப் புரட்சிப் போரின் கடைசிப் பெரிய சண்டை கடலூர்க் கரையில் நடந்தது என்று சொல்வது இதனால்தான். திப்புவோடு மங்களூர் ஒப்பந்தம் 1784 மார்ச்சில். புரட்சி அமெரிக்காவுக்கு விடுதலை கொடுத்தது. இங்கே பழைய எல்லைகள் அப்படியே திரும்பின, கம்பெனி மறுபடி தயாரானது.

இடையில் பஞ்சம். 1782இல் பஞ்சத்துக்குத் தப்பிச் சென்னைக்கு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ராயபுரம் பக்கம் ஒரு சத்திரம் தொடங்கினார்கள். மணியக்காரர் சத்திரம் என்ற அதுதான் வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இன்றும் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஹைதரின் தீயும் கம்பெனியின் போரும் சேர்ந்து துரத்தியவர்கள் அங்கேதான் வரிசையில் நின்றார்கள். இந்தப் பக்கத்து ஏரிகள் கரை கட்ட ஆளில்லாமல் கிடந்தன. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் அவற்றைச் செப்பனிடத் தொடங்கினார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே கலெக்டர் துரை. ஆனால் கரையில் மண் சுமந்தவர்கள் பிழைத்துத் திரும்பி வந்த ஊர்க்காரர்கள்.

இந்தப் பயணத்தில் எனக்குத் தெளிந்தது ஒன்று. 1780ஐ மைசூரின் வெற்றி என்றோ ஆங்கிலேயரின் அவமானம் என்றோ எழுதலாம், இரண்டும் சரி. ஆனால் இந்த ஊர்களின் கணக்கில் அது வழியைத் தவறாகக் காட்டியவர்கள், நெல்லைப் புதைத்தவர்கள், ஓடியவர்கள், திரும்பி வந்து ஏரி கட்டியவர்கள் நடத்திய நான்கு ஆண்டு. அவர்கள் யாருக்கும் வெற்றி தேடித் தரவில்லை, தங்களை அழியவிடவில்லை. அந்தக் கணக்கை எழுத இரண்டு அரசுகளுக்கும் தேவை இருக்கவில்லை, அதனால் தூண்களில் அது இல்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். புள்ளலூரில் அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். 1780 செப்டம்பர் 10, 1781 ஆகஸ்டு 27 என்ற இரண்டு தேதிகளும், மகேந்திரவர்மனின் பழைய களம் என்ற குறிப்பும், இரு பக்கமும் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எழுதப்படாத இந்த நாட்டு வீரர்கள் என்ற ஒரு வரியும், எரிந்த ஊர்களைப் பற்றி இன்னொரு வரியும் போதும். தொல்லியல் துறை செய்யலாம். இந்தச் சாலையில் பள்ளிகளுக்குக் கட்டடமும் நூலகமும் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலைகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். காஞ்சிபுரம் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு முறை இங்கே அழைத்து வரலாம். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.